டூம்: கையை விட கால்தான் முக்கியம்

1993 டிசம்பரில் ஐடி சாஃப்ட்வேர் வெளியிட்ட டூம் என்றாலே ரத்தம், துப்பாக்கி, ஜான் கார்மாக்கின் எஞ்சின் என்றுதான் பேச்சு ஆரம்பிக்கும். எனக்கென்னவோ அதன் உயிர் ஓட்டத்தில்தான் இருக்கு.

இதில் மேலே கீழே பார்க்க முடியாது. உயரத்தில் நிற்கும் எதிரிக்கும் நேராகச் சுட்டால் போதும், குறியை கேமே சரிபண்ணிக்கும். ஆக, மிச்சமிருக்கும் வேலை நகர்வதுதான். இம்ப் எறியும் தீப்பந்து கண்ணுக்குத் தெரிகிற வேகத்தில் வரும். ஒதுங்கினால் நம் பின்னால் நிற்கும் வேறு வகை அரக்கன்மேல் படும். அப்புறம் ரெண்டும் அடிச்சுக்கும்.

துப்பாக்கி ஏந்திய சிப்பாய்களிடம் இது பலிக்காது. அவர்கள் சுட்டால் விலக நேரமே கிடையாது. சுவரோரம் பதுங்க வேண்டியதுதான். டூம் சலிக்கும் இடமும் அதுவே.

‘முழு முப்பரிமாணம் இல்லை’ என்று குறை சொல்கிறார்கள். அந்தக் குறைதான் நம்மை ஓட வைத்தது.