நாலு கம்பி போதும்

நாற்பதைத் தாண்டிய யாராவது என்னிடம் வந்து, "ஏதாவது வாத்தியம் கத்துக்கலாமான்னு யோசிக்கிறேன்" என்று வாயெடுத்தால் அவ்வளவுதான். பேஸ் கிட்டார் என்று ஆரம்பித்துவிடுவேன். பக்கத்தில் இருந்தால் என் மனைவி மெல்ல எழுந்து போய்விடுவாள். அடுத்த ஒரு மணி நேரம் என்ன பேசுவேன் என்பது அவளுக்கு மனப்பாடம். அந்த ஒரு மணி நேரப் பேச்சைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதல் விஷயம், பேஸ் உங்களைக் காக்க வைக்காது. வயலின் எடுத்தால் காதுக்கு இதமாக ஒரு ஸ்வரம் வருவதற்கே மாதக்கணக்காகும். ஆறு கம்பிக் கிட்டாரில் கார்டு பிடித்துப் பிடித்து இடது கை சோர்ந்துபோகும். பேஸில் மூன்றாவது கம்பியைச் சும்மா சுண்டிப் பாருங்கள், எதையும் அழுத்தவே வேண்டாம். விநாடிக்கு 55 அதிர்வு. கேட்கிறது என்பதைவிட, படுகிறது என்பதுதான் சரி: கட்டை விலா எலும்பில் சாய்ந்திருக்கிறது, அதிர்வு நேராக நெஞ்சுக்குள் இறங்குகிறது. அப்போது பக்கத்தில் ஒருவர் கீபோர்டில் 'ஏ மைனர்' பிடித்தால், நீங்கள் சுண்டிய அந்த ஒற்றை ஸ்வரத்தின் மேல் அவருடைய கார்டு வந்து உட்காரும். கற்க ஆரம்பித்த அன்றைக்கே சங்கீதத்துக்குள் இடம் கிடைத்துவிடுகிறது. இப்படி ஒரு வரவேற்பு வேறெந்த வாத்தியத்தில் கிடைக்கும்? விரல் நுனி கொஞ்ச நாள் எரியும், கொப்புளமும் வரும். வரட்டும்!

பேஸ் கிட்டாரைப் பரவலாக்கியவர் கதையும் எனக்குப் பிடித்தது. கலிஃபோர்னியாவில் ஃபுல்லர்டன் என்ற ஊரில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தவர் லியோ ஃபெண்டர். ஆளைவிட உயரமான டபுள் பேஸைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராக அலைந்த வாத்தியக்காரர்களின் பாடு அவருக்குத் தெரியும். டிரம்ஸ் சத்தத்தில் அது மேடையில் கேட்பதும் இல்லை. 1951-ல் அதைத் தோளில் மாட்டும் அளவுக்குச் சுருக்கி, மின்சாரம் கொடுத்து, கழுத்தில் ஃப்ரெட் என்ற குறுக்கு உலோகக் கோடுகளைப் பதித்தார். ஃப்ரெட் இருப்பதால் ஸ்வரம் துல்லியமாக விழும், அதனால் 'பிரிசிஷன் பேஸ்' என்று பெயர். இதில் வேடிக்கை, அந்த மனிதருக்குக் கடைசிவரை கிட்டார் வாசிக்கத் தெரியாது. என்னைப் போன்ற ஆரம்பநிலைக்காரர்களுக்கு இதைவிடப் பொருத்தமான குலதெய்வம் யார்?

வாங்கும் படலத்துக்கு வருவோம். சென்னையில் இருப்பவர்கள் ஒரு பிற்பகலை அண்ணா சாலைப் பக்கம் வாத்தியக் கடைகளுக்கென்று ஒதுக்குங்கள். விலையைப் பார்க்கும் முன் கழுத்தைப் பிடித்துப் பாருங்கள். உலகத்தில் பாதி பேஸ்கள் இரண்டு ஃபெண்டர் மாதிரிகளின் வாரிசுகள்தான். ஒன்று 'பிரிசிஷன்': தலைப்பக்கம் கழுத்து அகலம், சத்தம் தடித்தது, குழப்பமில்லாதது. இன்னொன்று 1960-ல் வந்த 'ஜாஸ் பேஸ்': அங்கே கழுத்து 38 மில்லிமீட்டர்தான், கம்பியின் அதிர்வைப் பிடிக்கும் பிக்கப் இரண்டு, நாபைத் திருகினால் சத்தத்தின் நிறம் மாறிக்கொண்டே இருக்கும். என் கை சின்னது, ஜாஸ் கழுத்தில் விரல் போய் உட்கார்ந்ததும் மறுபேச்சில்லாமல் முடிவாகிவிட்டது. இரண்டும் 34 அங்குல ஸ்கேல், அதாவது கம்பி அதிரும் நீளம். எட்டவில்லையே என்று தோன்றினால் 30 அங்குல ஷார்ட் ஸ்கேல் கேளுங்கள், கூச்சமே வேண்டாம். பால் மெக்கார்ட்னி ஹாம்பர்கில் வாங்கி உலகப் புகழாக்கிய வயலின் வடிவ ஹாஃப்னர் அந்த அளவுதான்.

அடுத்து எடை. உட்கார்ந்து மடியில் வைத்துப் பார்த்துவிட்டு வந்துவிடாதீர்கள். ஸ்ட்ராப் மாட்டி எழுந்து நின்று, இடது கையை எடுத்துவிட்டுப் பாருங்கள். சில பேஸ்களில் தலை கனத்துக் கழுத்து தரையைப் பார்த்துச் சாயும். அதைத் தாங்கிப் பிடிப்பதே இடது கைக்கு வேலையாகிவிடும். நான்கு கிலோவுக்கு மேல் போனால் ஐம்பதை நெருங்கும் முதுகு அதைக் கட்டாயம் நினைவில் வைத்துக்கொள்ளும். அகலமான ஸ்ட்ராப் வாங்குங்கள், கஞ்சத்தனம் பார்க்கவேண்டாம். ஐந்து கம்பி, ஆறு கம்பி என்று கடைப்பையன் ஆசை காட்டுவான். நாலு போதும்.

யமஹா, ஐபனஸ், கோர்ட், ஸ்கொயர் எதுவானாலும் ஆரம்பநிலை மாடல்கள் இன்று அவ்வளவு நன்றாக வருகின்றன. முப்பது ஆண்டுக்கு முன் கல்லூரி விழாக்களில் நாங்கள் பார்த்த மரக்கட்டைகளை நினைத்தால் பொறாமையாக இருக்கிறது. மிஞ்சும் காசை செட்டப்புக்கு வையுங்கள். இதை நான் கத்திச் சொல்வேன்! நான்கு கம்பியும் சேர்ந்து கழுத்தைச் சுமார் 75, 80 கிலோ விசையில் இழுத்துக்கொண்டிருக்கின்றன. அதற்கு ஈடுகொடுக்க மரத்துக்குள் ட்ரஸ் ராடு என்ற இரும்புக்கம்பி. நம் ஊர் ஈரக்காற்றில் மரம் அசையும், கழுத்து வளையும், கம்பி மேலே ஏறிக்கொள்ளும். கைதேர்ந்தவரிடம் கொடுத்தால் அரை நாளில் கம்பியை இறக்கி, கழுத்தை நிமிர்த்தித் தருவார். திரும்பி வரும்போது அது வேறு வாத்தியம்.

கம்பியிலும் ஒரு சொர்க்கம் இருக்கிறது: ஃப்ளாட்வூண்ட். கடையில் மாட்டி வருவது சொரசொரப்பான ரவுண்ட்வூண்ட், கணீரென்று பேசும். ஃப்ளாட்வூண்டோ வழவழவென்று இருக்கும், விரல் வழுக்கும் கீச்சொலி இல்லை, ஸ்வரம் 'தும்' என்று விழுந்து அடங்கும். மோட்டவுன் என்ற அமெரிக்க இசை நிறுவனத்தின் பாட்டுகளில் ஜேம்ஸ் ஜேமர்சன் அதைத்தான் வாசித்தார். கம்பியை மாற்றவே பிடிக்காது அவருக்கு. அத்தனை மாயமும் வலது கையின் ஒரே ஒரு சுட்டுவிரலில்!

ஆம்ப் சின்னது போதும், ஹெட்போன் துளை இருக்கவேண்டும். ஹெட்போன் ஏன் என்றால், அதன் பிறகுதான் நிஜமான விருந்து. கைபேசி ஸ்பீக்கரில் பேஸின் அடிப்பகுதி வரவே வராது. நல்ல ஹெட்போனில் 'ரெட்டைவால் குருவி'யின் 'ராஜ ராஜ சோழன் நான்' போட்டுக் கேளுங்கள். ஜேசுதாஸ் பாட்டுக்குப் பாடிக்கொண்டிருக்கிறார். கீழே பேஸ் தன் போக்கில் இன்னொரு மெட்டு பாடிக்கொண்டு போகிறது. இளையராஜா குழுவில் பேஸ் வாசித்த சசிதரனும், ஏ. ஆர். ரகுமான் பாட்டுகளில் வாசித்த கீத் பீட்டர்ஸும் இத்தனை வருடம் என் காதோடு இருந்தும் எனக்கு அறிமுகமாகவில்லை. இப்போது டீக்கடையில் பழைய பாட்டு ஓடினாலும் என் காது அடிவாரத்தில்தான் அலைகிறது. பேசுகிறவர்கள் என்ன சொன்னார்கள் என்று இரண்டு முறை கேட்கவேண்டியிருக்கிறது.

இருபது வயதில் இதை எடுத்திருந்தால் எனக்கு இத்தனை பிடித்திருக்காது என்றுதான் நினைக்கிறேன். அந்த வயதில் வேகம் வேண்டும், எல்லோரும் திரும்பிப் பார்க்கவேண்டும். பேஸ் கேட்பதோ பொறுமையை. டிரம்ஸ்காரரின் காலடியில் விழும் கிக் டிரம்மோடு ஒட்டி நில். பாடுகிறவருக்கு இடம் விடு. நிரப்பத் தோன்றுகிற இடத்தில் கையை எடு. குடும்பம், அலுவலகம், அபார்ட்மென்ட் சங்கம் எல்லாம் பார்த்தவருக்கு இந்தப் பயிற்சி ஏற்கெனவே பாதி ஆகியிருக்கும். ஞாயிற்றுக்கிழமை மாலை நண்பர் வீட்டில் நாங்கள் நாலு பேர் வாசிக்கிறோம். நான் மொத்தமே ஐந்தாறு ஸ்வரங்களுக்குள்தான் சுற்றுவேன். நடுவில் சும்மா நிறுத்திப் பார்த்தேன்: பாட்டு தொப்பென்று காலி. எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அந்தச் சந்தோஷத்தை எப்படிச் சொல்ல!

இப்போது கண் ஃப்ரெட்லெஸ் மேல் விழுந்திருக்கிறது. ஜாக்கோ பாஸ்டோரியஸின் 1976 ஆல்பத்தைக் கேட்டது வினையாகிவிட்டது. ஃப்ரெட் இல்லாத கழுத்தில் ஸ்வரம் படியேறிப் போவதில்லை, இழைந்து போகிறது. கமகம் கேட்டே வளர்ந்த காதுக்கு இதைவிட என்ன வேண்டும்? விரல் ஒரு நூலிழை தள்ளி விழுந்தாலும் அபஸ்வரம்தான், தெரியும். எனக்குப் பேஸ் சொல்லித்தரும் ஆசிரியர் இன்னும் ஒரு வருடம் பொறுக்கச் சொல்லியிருக்கிறார். நான் தீபாவளி போனஸ் வரை பொறுப்பதாகச் சொல்லியிருக்கிறேன்.