கூன் முதுகு வக்கீல்

கொலைக் கதைகளில் ரத்தக்கறையைவிட மைக்கறைதான் எனக்குப் பிடிக்கும். சி. ஜே. சான்சமின் ஷார்ட்லேக் நாவல்களில் அது தாராளம். எட்டாம் ஹென்றி காலத்து லண்டனில், லிங்கன்ஸ் இன் வளாகத்தில் வக்கீல் தொழில் நடத்துகிறார் மேத்யூ ஷார்ட்லேக். கூன் முதுகுக்காரர். கைரேகை, ரத்தப் பரிசோதனை எதுவும் இல்லாத காலம். பத்திரங்களையும் மனிதர்களின் வாயையும் நம்பித்தான் துப்பறிய வேண்டும். விறைத்த தோல்தாளை விரித்து வைத்துக்கொண்டு, மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் நிதானமாக வாசிப்பார். நாளெல்லாம் குதிரையில் போய் முதுகு கடுக்கும். அந்தக் கடுப்போடேதான் அடுத்த சாட்சியைக் கேள்வி கேட்பார். முதலில் அவர் வைத்திருந்த குதிரையின் பெயர் சான்சரி. நீதிமன்றத்தின் பெயரைக் குதிரைக்கு வைப்பதெல்லாம் வக்கீல் குசும்பு!

சான்சமும் வக்கீலாக இருந்தவர். சாட்சி தானாக உளறும்வரை காத்திருக்கும் பொறுமை அவர் நடையில் உண்டு. முதல் நாவலான 'டிஸ்ஸொலூஷ'னில் பனியும் கடற்கரைச் சதுப்பும் சூழ்ந்த மடாலயம். வாசிக்கும்போதே விரல் விறைக்கும். அடுத்த 'டார்க் ஃபய'ரில் 1540ஆம் ஆண்டுக் கோடையின் புழுக்கமும் தெருநாற்றமும். 1549இல் நடக்கும் 'டூம்லேண்'டில், பின்னாளில் அரசியாகப்போகும் 15 வயது எலிசபெத்தே ஷார்ட்லேக்கை நாரிச்சுக்கு அனுப்புகிறாள். அது எண்ணூறு பக்கத்தைத் தாண்டும் புத்தகம், இடையில் கொஞ்சம் இழுவைதான். ஆனால் கொலையை ஓரமாக வைத்துவிட்டு நிலத்தகராறையும் வேலித்தகராறையும் சான்சம் விவரிக்கும் பக்கங்களை ஒன்றுகூட நான் தாண்டியதில்லை.