57க்கும் 16க்கும் இடையே

2020 ஜூலையில் மும்பையின் மாட்டுங்கா, செம்பூர் மேற்கு, தஹிசர் வார்டுகளில் ஏறத்தாழ 7,000 பேரின் இரத்தம் பரிசோதிக்கப்பட்டது. மாநகராட்சியும் நீதி ஆயோக்கும் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனமும் சேர்ந்து நடத்திய ஆய்வு அது. குடிசைப்பகுதிகளில் 57 விழுக்காட்டினரிடம் கொரோனா ஆன்டிபாடி இருந்தது. மற்றக் குடியிருப்புகளில் 16 விழுக்காட்டினரிடம்தான். ஒரே வார்டுக்குள் இவ்வளவு இடைவெளி என்றால், தூரத்தை மட்டும் வைத்து நோய்ப் பரவலைக் கணக்கிட முடியாது. யார் யாரை எங்கே, எத்தனை முறை சந்திக்கிறார் என்று தெரியவேண்டும். சிக்கலான வலையமைப்புகளை ஆராயும் துறையின் அடிப்படைக் கேள்வியே இதுதான். அத்துறையில் முனைவர் பட்டம் நாடுவோருக்குப் பெரிய வாய்ப்பு இனித் தெருவில்தான் இருக்கிறது என்பது என் வாதம்.

1999இல் இயற்பியலாளர்கள் பராபாசியும் ஆல்பர்ட்டும், வலையமைப்பின் சில கணுக்களில் (இணைப்புப் புள்ளிகளில்) மட்டும் இணைப்புகள் குவியும் விதியை முன்வைத்தார்கள். அதன்பின் கைக்குக் கிடைத்த தரவிலெல்லாம் அவ்விதியைத் தேடுவதே பலருக்கு ஆய்வாயிற்று. புரோய்டோவும் கிளாசெட்டும் ஏறத்தாழ 1,000 வலையமைப்புகளைச் சோதித்து 2019இல் வெளியிட்ட முடிவு, அவ்விதிக்கு வலுவான சான்று 4 விழுக்காட்டில்தான் உண்டு என்றது. பொதுவிதி இப்படித் தளரும்போது பொறுமையாகத் திரட்டிய தரவுக்கு மதிப்புக் கூடுகிறது. கர்நாடகத்தின் 75 கிராமங்களில் வீடு வீடாகக் கேட்டுத் தொகுத்த உறவு வலை, நுண்கடன் பற்றிய செய்தி பரவும் விதத்தை 2013இல் விளக்கியது. மானிடவியலாளர் எலினார் பவர் தமிழ்நாட்டின் இரண்டு கிராமங்களில் தங்கி, வழிபாட்டுக்கும் ஒருவருக்கொருவர் உதவுவதற்கும் உள்ள தொடர்பை 2017இல் காட்டினார்.

மும்பையில் இத்தகைய கள ஆய்வுக்கான வசதிகள் அருகருகே உள்ளன. செம்பூரை ஒட்டிய தேவனாரில் டாடா சமூக அறிவியல் கழகமும் மக்கள்தொகை ஆய்வு நிறுவனமும், பவாயில் ஐஐடியும் இருக்கின்றன. அணுசக்தி நகரில் ஹோமி பாபா தேசிய நிறுவனம் இருக்கிறது; சென்னைக் கணித அறிவியல் நிறுவனத்தில் ஆய்வு செய்வோருக்குப் பட்டம் தருவதும் அதுவே. கணக்குக்கு ஒருவர், களத்துக்கு ஒருவர் என இரண்டு நெறியாளர்கள் அமைந்தால், மும்பையின் தாராவிக் குடிசைப்பகுதியில் தோல், மறுசுழற்சித் தொழில்களில் சரக்கும் கடனும் கைமாறும் வழியையும், திருநெல்வேலிக்காரர்கள் ஒருவர்பின் ஒருவராக அங்கே வந்து சேர்ந்த வழியையும் ஓர் ஆய்வேடு வரைந்து காட்டலாம்.

57க்கும் 16க்கும் உள்ள இடைவெளிக்கு நெரிசலே போதுமான காரணம், வலை எதற்கு என்று கேட்கலாம். நெரிசல் ஒரு சராசரி. எந்தக் கழிப்பிட வரிசையில், எந்தக் குழாயடியில் தலையிட்டால் பரவல் தணியும் என்று அது சொல்லாது. இன்னொரு மறுப்பு கனமானது. தாராவி மறுசீரமைப்பில், எப்போதிலிருந்து யார் எங்கே குடியிருக்கிறார் என்பதைப் பொறுத்தே வீட்டுரிமை அமைகிறது. யார் யாருக்கு வாடகை தருகிறார் என்ற வரைபடம் ஒருவரின் கூரையைப் பறிக்கலாம். பெயரை நீக்கினால் போதாது. சிறிய சந்தில் உறவுகளின் வடிவமே ஆளைக் காட்டிக்கொடுக்கும். ஆகவே ஆட்களுக்குப் பதில் சந்துகளையும் தொழில்களையும் கணுக்களாகக் கொண்டு, மூலத்தரவை வெளியிடாமல் காக்கவேண்டும். தரவைக் கேட்கும் இதழ்களில் இடம்பெறுவது அதனால் கடினமாகும். அந்த இழப்பை மதிப்பீட்டுக் குழுக்கள் ஏற்கத்தான் வேண்டும். வீடு வீடாக நடந்த ஓராண்டை ஆய்வாகக் கணக்கில் கொள்ளாத துறை, தன் வாசலில் கிடக்கும் இந்த இடைவெளியை வேறொரு நாட்டின் தரவை வைத்தே விளக்கிக்கொண்டிருக்கும்.