புதுப் பொருள் உண்டானதா?

மஞ்சள் கரைத்த நீரில் சுண்ணாம்பைச் சேர்த்தால் சிவந்து ஆரத்தியாகிறது. அதிலேயே எலுமிச்சம்பழத்தைப் பிழிந்தால் சிவப்பு போய்ப் பழைய மஞ்சள் திரும்புகிறது. இது இயற்பியல் மாற்றமா, வேதியியல் மாற்றமா? வகுப்பில் மனப்பாடம் செய்த விதிகளோடு விடை தேடும் பிள்ளை இங்கே திணறத்தான் செய்யும். நிறம் மாறினால் வேதியியல் மாற்றம் என்கிறது ஒரு விதி. பழைய நிலைக்குத் திரும்பினால் இயற்பியல் மாற்றம் என்கிறது இன்னொன்று. இரண்டும் ஒரே கிண்ணத்துக்குள் மோதிக்கொள்கின்றன. குறை பிள்ளையிடம் இல்லை, விதிகளில் இருக்கிறது.

தமிழ்நாட்டிலும் ஆந்திரத்திலும் நடுநிலை வகுப்புகளில் வரும் பாடம் இது. பனி உருகுவதையும் தாள் கிழிவதையும் ஒரு கட்டத்தில் எழுது, விறகு எரிவதையும் இரும்பு துருப்பிடிப்பதையும் மற்ற கட்டத்தில் எழுது; முடிந்தது பாடம். பாடநூல்கள் இவ்வளவு கறாராகப் பேசுவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். என்.சி.இ.ஆர்.டி.யின் பழைய ஏழாம் வகுப்பு அறிவியல் நூல், இயற்பியல் மாற்றம் ‘பொதுவாக’ மீளக்கூடியது என்றே எழுதியது. தேர்வுத்தாளுக்குப் போகும் வழியில் அந்தப் ‘பொதுவாக’ உதிர்ந்துவிடுகிறது. மீள்வது இயற்பியல், மீளாதது வேதியியல் என்ற ஒற்றை வரியே மிஞ்சுகிறது.

இந்தப் பாகுபாட்டை நான் எளிதில் தூக்கி எறிய மாட்டேன். சர்க்கரை நீரில் கரைந்து கண்ணுக்கு மறைந்தாலும் சர்க்கரையாகவே இருக்கிறது. விறகு எரிந்தபின் விறகு எங்கும் இல்லை, வேறு பொருள்கள்தான் இருக்கின்றன. பத்துப் பன்னிரண்டு வயதில் இந்த வேறுபாடு உறைப்பது பெரிய காரியம். அணு, மூலக்கூறு, நிறை அழியாமை எல்லாம் இந்த வாசல் வழியாகத்தான் உள்ளே வருகின்றன. வாழ்க்கைக்கும் இது தேவை. மாங்காய்க்குப் பேர்போன சித்தூர் மாவட்டத்தில் பழுக்கவைக்கும் கார்பைடு கல்லைப் பற்றித் தெரியாதவர் குறைவு. அந்தக் கல் ஈரம் பட்டதும் அசிட்டிலீன் வாயுவாகவும் சுண்ணாம்பாகவும் மாறுகிறது. கல்லில் கலந்திருக்கும் ஆர்சனிக், பாஸ்பரஸ் மாசுகளும் சேர்ந்து வெளிவரலாம். அதனால்தான் 2011ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு விதிகள் கார்பைடால் பழுக்கவைத்த பழங்களின் விற்பனையைத் தடுக்கின்றன. எத்திலீன் வாயுவுக்கு, அளவு வரையறுத்து, பின்னர் அனுமதி தந்தார்கள். ‘இங்கே என்ன புதுப் பொருள் உண்டானது?’ என்று கேட்கத் தெரிந்த பிள்ளைக்கு இந்தத் தடையின் காரணம் விளங்கும்.

ஆக, அந்தக் கேள்வி பொன்னானது. அதற்கு விடை காண நாம் கையில் கொடுத்திருக்கும் அளவுகோல்கள்தான் பழுதானவை.

மீள்வது, மீளாதது என்ற அளவுகோலை முதலில் பார்க்கலாம். சித்தூர்ப் பக்கத்துக் கிரானைட் பட்டறையில் கல்லை அறுக்கும்போது பறக்கும் தூளை எவராலும் திரும்பக் கல்லாக்க முடியாது. ஆனாலும் அது அதே பொருளின் தூள்தான். மறுபக்கம், அவுரி நீலம் நீரில் கரையாது. சாயத் தொட்டியில் அதன் வேதியியலை மாற்றிக் கரைய வைத்தால் மஞ்சள் கலந்த பச்சையாகிறது. துணியைத் தோய்த்து வெளியே எடுத்ததும் காற்றுப் பட்டு, கண் முன்னே மறுபடி நீலமாகிறது. போனதும் வேதியியல் மாற்றம், வந்ததும் வேதியியல் மாற்றம். ஆரத்தியின் கதையும் இதுவே. சுண்ணாம்பின் காரம் மஞ்சளின் நிறப்பொருளிலிருந்து ஹைட்ரஜன் அயனியைப் பறிக்கிறது, எலுமிச்சையின் அமிலம் அதைத் திருப்பித் தருகிறது.

அடுத்தது அடையாளங்களின் பட்டியல்: நிறமாற்றம், வாயு, வெப்பம், மணம். இந்தப் பட்டியலைச் சோதிக்கத் திருப்பதி மாவட்டத்து ஸ்ரீகாளஹஸ்தியைவிடப் பொருத்தமான ஊர் எனக்குத் தெரியவில்லை. அங்கே மூங்கில் எழுதுகோலால் துணியில் படம் எழுதும் கலம்காரிக் கலைஞர்களின் வேலை முழுக்க முழுக்க வேதியியல். துணியை முதலில் கடுக்காயும் பாலும் கலந்த நீரில் ஊறவைத்துக் காய வைக்கிறார்கள். கடுக்காயின் துவர்ப்புப் பொருள் நூலிழையில் ஏறுகிறது. பாலின் கொழுப்பு, கோடு ஊறிப் படராமல் தடுக்கிறது. கறுப்புக்கு, பழைய இரும்புத் துண்டுகளை வெல்லக் கரைசலில் நாள்கணக்கில் புளிக்க விடுகிறார்கள். புளிப்பில் உண்டாகும் அமிலம் இரும்பைக் கரைக்கிறது. அந்த நீர் பழுப்பாகத்தான் இருக்கும், துணியில் பட்ட இடத்தில் கறுக்கும். இரும்பும் கடுக்காயின் துவர்ப்பும் சேர்ந்து உண்டாக்கும் புதுப் பொருள் அது. ஐரோப்பாவில் நூற்றாண்டுகளாகப் புழங்கிய எழுத்து மையின் அடிப்படையும் இதேதான்.

இதுவரை பட்டியல் தோற்கவில்லை. சிவப்பில் தோற்கிறது. சிவப்பு வேண்டிய இடங்களில் படிகார நீரைத் தீட்டுகிறார்கள். தீட்டியபோது கண்ணுக்குப் பெரிதாக எதுவும் தெரிவதில்லை: நிறமில்லை, குமிழில்லை, சூடில்லை. ஆனால் படிகாரத்தின் அலுமினியம் இழையோடு பிணைந்துவிட்டது. சாய வேர் போட்ட கொதிநீரில் துணியை இறக்கும்போது படிகாரம் பட்ட இடம் மட்டும் அழுத்தமாகச் சிவக்கிறது. மற்ற இடங்களில் லேசாக ஏறும் சாயம் பிறகு வெளுப்பில் போய்விடும். முக்கியமான வேதியியல் மாற்றம் அடையாளம் எதுவும் காட்டாமல் முன்னமே நடந்திருக்கிறது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். அருங்காட்சியகங்களில் உள்ள பழைய சோழமண்டலக் கரைத் துணிகள் சிலவற்றில் சிவப்பும் நீலமும் நன்றாக இருக்க, கறுப்புக் கோடுகள் மட்டும் இற்றுப் போயிருக்கின்றன. இரும்பு அந்த இழையை இத்தனை காலமும் அரித்துக்கொண்டே இருந்திருக்கிறது. மாற்றம் ஒரு நொடியில் நடந்து முடிகிற நிகழ்ச்சி என்ற எண்ணத்தையும் பட்டியல் வளர்க்கிறது. இந்தத் துணிகள் அதை மறுக்கின்றன.

மூன்றாவது பழுது எனக்கு மிகவும் உறுத்துகிறது: ஒரு செயலுக்கு ஒரு கட்டம்தான் என்ற நிபந்தனை. சித்தூர் மாவட்டத்தின் வெல்லம் காய்ச்சும் கொட்டகைகள் இதை உடைக்கின்றன. ஒரு டன் கரும்பிலிருந்து ஏறக்குறைய 100 கிலோ வெல்லம் கிடைக்கும். சாற்றில் பெரும்பங்கு நீர், அது ஆவியாகப் போவது இயற்பியல் மாற்றம். அதே கொப்பரையில் சுண்ணாம்பு சேர்த்ததும் சாற்றின் அமிலம் முறிந்து, அழுக்கு திரண்டு மேலே வருவதற்கும் வழி பிறக்கிறது. அமிலத்தை முறிக்காவிட்டால் சர்க்கரை பிளந்து குளுக்கோஸாகவும் பிரக்டோஸாகவும் மாறும், வெல்லம் இறுகாமல் பிசுபிசுக்கும். பாகு பதத்துக்கு வரும் நேரத்து நிறமும் மணமும் சூட்டில் பிறந்த புதுப் பொருள்களால் வருபவை. அச்சில் ஊற்றி இறுகுவது மறுபடி இயற்பியல். பளிச்சென்ற மஞ்சள் நிறத்துக்காக ‘ஹைட்ரோஸ்’ போடும் வழக்கமும் வெல்லத் தொழிலில் உண்டு. அவுரியைக் கரைய வைக்க இன்றைய சாயப்பட்டறைகள் போடுவதும் அதே ஹைட்ரோஸ்தான். அங்கே நீலத்தைப் போக்குகிறது, இங்கே பழுப்பை. கட்டம் நிரப்பக் கற்ற மாணவருக்கு இவை இரண்டு தனித்தனிச் செய்திகள். ‘எது எதுவாக மாறியது?’ என்று கேட்கக் கற்றவருக்கு ஒரே செய்தி.

கற்பூரமும் அப்படித்தான். மூடிய டப்பாவில் அது ஆவியாகி மூடியின் அடியில் வெண்படிகமாகப் படிகிறது. முகர்ந்தால் அதே கற்பூரம். ஆரத்தித் தட்டில் கொளுத்தினால் கரியும் வாயுக்களும் மிஞ்சுகின்றன, கற்பூரம் திரும்புவதில்லை. ஒரே பொருளிடம் இரண்டையும் காட்டிவிடலாம்.

இந்தக் குறைகள் புதிதாகத் தெரிந்தவை அல்ல. அமெரிக்காவின் வேதியியல் கல்வி இதழில் 1970லேயே வால்டர் கென்ஸ்லர் இந்தப் பாகுபாட்டைக் கேள்விக்கு உட்படுத்தினார். உப்பு நீரில் கரைவது எந்த வகை என்ற வாதம் இன்னும் ஓயவில்லை. அதற்காகப் பாடத்தையே நீக்குவது சரியாகாது. ஆறாம் வகுப்பில் அணுப் பிணைப்பு பேச முடியாது. பேச முடிகிற முதல் கேள்வி இதுதான்.

மாற வேண்டியது கேட்கும் முறை. மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் மாவட்டத்தில் 1972இல் தொடங்கிய அறிவியல் கல்வித் திட்டம், கிராமத்து அரசுப் பள்ளிகளில் மலிவான பொருள்களைக் கொண்டு பிள்ளைகளையே சோதனை செய்ய வைத்தது. தேர்வையும் புத்தகம் திறந்து எழுதும்படியும், செய்துகாட்டும்படியும் மாற்றியது. 2002இல் அரசு அதை நிறுத்திவிட்டது பெரிய இழப்பு. தேர்வைத் தொடாமல் பாடத்தை மட்டும் மாற்றினால் பயனில்லை என்று அவர்கள் உணர்ந்திருந்ததுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. நெரிசலான வகுப்பில், ஆய்வகமில்லாத பள்ளியில், பாடத்திட்டத்தை முடிக்க வேண்டிய ஆசிரியர் தேர்வில் என்ன வருமோ அதைத்தான் சொல்லித்தருவார். அவரைக் குறை சொல்வது நியாயமில்லை.

அதனால் ‘வகைப்படுத்துக’ என்ற வினாவை எடுத்துவிட்டு வேறொன்றை வைக்கலாம். ‘கரும்புச் சாறு வெல்லமாகும்போது நீர் மட்டும்தான் போகிறது, வேறெதுவும் மாறுவதில்லை என்கிறார் உன் நண்பர். சரிதானா என்று எப்படிச் சோதிப்பாய்?’ வெல்லத்தில், காய்ச்சியபோது போன அளவு நீரைத் திரும்ப ஊற்றிக் கரைத்து, புதுச் சாற்றோடு பக்கத்தில் வைத்து நிறமும் மணமும் ருசியும் பார்ப்பேன் என்று எழுதும் பிள்ளைக்கு முழு மதிப்பெண் கொடுக்கலாம். இயற்பியல், வேதியியல் என்ற பெயர்களை அந்தப் பிள்ளை எழுதாமல் விட்டிருந்தாலும் குறைக்க வேண்டியதில்லை.