பெரியபுராணத்தில் இடரும் அருளும்

பெரியபுராணத்தைப் பற்றி எழுதுவோரும் பேசுவோரும் பெரும்பாலும் உடன்படும் கருத்து ஒன்று உண்டு. அடியார்க்கு வந்த துன்பங்கள் யாவும் இறைவன் நிகழ்த்திய சோதனைகள்; அவற்றில் வென்றமையால் அவர்கள் பேறு எய்தினர் என்பது அது. முதுகலை மாணவர் விடைகளிலும் திருக்கோயிற் சொற்பொழிவுகளிலும் இக்கருத்தையே மீண்டும் மீண்டும் காண்கின்றோம். கேட்டற்கு இனிதாகவும் நினைவில் வைத்தற்கு எளிதாகவும் இருத்தலின், இது நூலின் கருத்துத்தானா என்று வினவுவார் அரியர். நூலை ஊன்றிக் கற்பார்க்கோ மூன்று ஐயங்கள் எழுகின்றன. எல்லா இடரையும் சேக்கிழார் சோதனையாகக் காட்டினாரா? இடருற்ற அடியார் தம் இடரைச் சோதனை என அறிந்திருந்தனரா? அதனை அருளென அவர்கள் உணர்ந்தது எப்போது? இவற்றிற்கு நூலினுள்ளேயே விடை தேடுதல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சேக்கிழார் இரண்டாம் குலோத்துங்கன் காலத்தவர், பன்னிரண்டாம் நூற்றாண்டினர். சுந்தரரின் திருத்தொண்டத்தொகை பதினொரு பாடல்களில் அடியார்களைச் சுட்டிச் செல்கின்றது. நம்பியாண்டார் நம்பியின் திருவந்தாதி அச்சுட்டை ஓரளவு விரிக்கின்றது. தனியடியார் அறுபத்து மூவரையும் தொகையடியார் ஒன்பதின்மரையும் காப்பியமாக விரித்து, நிகழ்ச்சிகளுக்குக் காரண காரியத் தொடர்பு அமைத்தவர் சேக்கிழாரே. எனவே, ஓர் இடர் யாரால் வந்தது, எதற்காக வந்தது, அதனை யார் அறிந்தார் என்பன பற்றி அவர் சொல்லுவனவும் சொல்லாது விடுவனவும் திறனாய்வாளர்க்குச் சிறந்த சான்றுகளாகும். ஆறுமுக நாவலர் தம் சூசனத்தில் பொதுவிதியை முதலிற் கூறி, அதனை அவ்வந்நாயனார் வரலாற்றிற் பொருத்திக் காட்டினார். சமயக் கல்விக்கு அம்முறை மிகவும் ஏற்றதே. ஆயினும், காப்பியத்தைக் காப்பியமாகக் கற்பார் வரலாற்றிலிருந்து விதிக்குச் செல்லுதல் வேண்டும்.

முதற்கண், சோதனை என்று ஐயமின்றிச் சொல்லத்தக்க வரலாறுகளைக் காண்போம். புகார் வணிகர் இயற்பகையாரிடம் மறையவன் ஒருவன் வந்து அவர்தம் மனைவியைக் கேட்கின்றான். பழையாறை வணிகர் அமர்நீதியாரிடம் ஒரு பிரமசாரி கோவணத்தை ஒப்புவித்துச் செல்கின்றான். மானக்கஞ்சாறர் இல்லத்தில் மகளின் திருமணநாளன்று மாவிரதி ஒருவர் தோன்றி மணமகளின் கூந்தலை வேண்டுகின்றார். செங்காட்டங்குடிச் சிறுத்தொண்டர்பால் வயிரவக் கோலத்தார் பிள்ளைக்கறி கேட்கின்றார். இவ்வரலாறுகளிலெல்லாம் பொதுவாய் அமைந்த ஓர் உத்தி உண்டு. வந்தவர் இறைவனே என்பதைச் சேக்கிழார் நமக்கு முன்னரே அறிவித்துவிடுகின்றார். நாயனார்க்கு மட்டும் அறிவிப்பதில்லை. கற்போர் அறிந்ததை மாந்தர் அறியாமை நாடகத்திற்குச் சுவையூட்டும் என்பர். ஈண்டு அது சுவைக்காக மட்டும் அமைந்ததன்று. வந்தவன் இறைவன் என்று இயற்பகையார் அறிந்திருப்பின், அவர் கொடை கைம்மாறு கருதிய கொடையாகிவிடும். இது சோதனை என்று சிறுத்தொண்டர் உணர்ந்திருப்பின், முடிவில் மகன் மீள்வான் என்ற எண்ணமும் உடன் எழுந்திருக்கும். எழுந்திருப்பின் அச்செயல் தொண்டாகாது; துணிந்து ஆடிய சூதாகும். ஆகவே, அறியாமை இவ்வரலாறுகளின் உயிர்நிலை எனல் தகும். சோதனை என்னும் சொல் நமக்கு உரியது, அவர்க்கு உரியதன்று. அவர்முன் நின்றது அடியார் ஒருவரின் வேண்டுகோள் ஒன்றே.

சிறுத்தொண்டர் வரலாறு இக்கால நெஞ்சத்தை நடுங்கச் செய்வது. அந்நடுக்கத்தை மறைக்க முயலும் உரைகள் நூலுக்கு நன்மை செய்வன அல்ல. சீராளன் பள்ளியினின்று ஓடிவருவான் போல வந்தான் என்னும் முடிவைக் கொண்டு, முன் நிகழ்ந்ததைக் கொடுமையன்று எனச் சிலர் அமைதி கூறுவர். பின்னர்ப் பெற்ற பேற்றை முன்னர்ச் செய்த செயலுக்குக் காரணமாக்குதல் பிழையாகும். தாயும் தந்தையும் அம்முடிவை அறியார். அறியாமலே செய்தனர் என்பதில்தான் அவ்வரலாற்றின் அச்சமும் உயர்வும் ஒருங்கே உள்ளன. சேக்கிழார் அதனைப் பிறர் பின்பற்றத்தக்க நெறியாக வகுத்துரைக்கவில்லை. அன்பு எவ்வெல்லைவரை செல்லக்கூடும் என்பதற்குச் சான்றாகவே நிறுத்துகின்றார்.

இனி, எல்லாம் அறிந்த இறைவன் எதனை அறிதற்குச் சோதிக்கின்றான் என்னும் வினா எழும். இளையான்குடி மாறனார் வரலாறு இதற்கு விடை தருகின்றது. வளத்திற் செய்த தொண்டினை வறுமையிலும் செய்ய வல்லார் இவர் என்பதைக் காட்டும்பொருட்டே அவர்தம் செல்வம் சுருங்கியதென்பது சேக்கிழார் கருத்து. எனவே, இச்சோதனை அறியாதான் ஒருவன் அறிதற்குச் செய்வதன்று. அறிந்தவன் உலகிற்கு அறிவித்தற்குச் செய்வது. ஆயின், மழையிருளில் விருந்து வந்தபோது மாறனாரும் மனைவியாரும் தம் வறுமையின் காரணத்தை ஆராய்ந்துகொண்டிருக்கவில்லை. அன்று விதைத்த நெல்லை வாரிவருமாறு மனைவியார் வழி கூறுகின்றார். கணவர் இருளில் வயலுக்குச் செல்கின்றார். வீட்டின் வரிச்சு விறகாகின்றது. குழியில் முளைத்த கீரை கறியாகின்றது. ஏன் வந்தது இவ்வறுமை என்பதன்று, விருந்தினர் பசியை எங்ஙனம் தீர்ப்பது என்பதே அன்றிரவு அவ்விருவர் கொண்ட கவலை.

கண்ணப்பர் வரலாறு இதனை மேலும் தெளிவாக்குகின்றது. காளத்தியில் இறைவன் கண்ணில் குருதி பெருகியது, கண்ணப்பர் அன்பைச் சிவகோசரியார் காணும்பொருட்டு. சிவகோசரியாரிடம் இறைவன் அதனைக் கனவில் உரைத்து மறைந்திருந்து காணுமாறு பணிக்கின்றான். கண்ணப்பர்க்கு அச்செய்தி தெரியாது. அவர் குருதியைக் கண்டார், பதறினார், மருந்து தேடினார், பின் தம் கண்ணை இடந்து அப்பினார். ஒருவர் படும் துயரால் மற்றொருவர் அறிவு பெறுகின்றார். துயருற்றவர்க்கு அது பாடமாக வரவில்லை. அன்பு செலுத்தற்குரிய இடமாகவே வந்தது.

மேற்கூறியவற்றினின்றும் முற்றிலும் வேறானது திருநாவுக்கரசர் உற்ற சூலை. அது மாற்றுருக் கொண்டு வந்த சோதனையன்று. பிரிந்து சென்றவரை மீட்கும் அழைப்பு. தம்பி சமண் சமயம் புக்கமைக்கு வருந்திய திலகவதியார் அதிகை வீரட்டானத்து இறைவனை வேண்ட, சூலை தந்து ஆட்கொள்வோம் என்று இறைவன் கனவில் அருளுகின்றான். ஆகவே, நோய் வருமுன்பே அஃது அருள் என்பதை அறிந்தவர் உலகில் ஒருவர் இருந்தார். அவ்வறிவை அவர் கையாண்ட முறை நம் ஆராய்ச்சிக்கு மிகவும் இன்றியமையாதது. மருணீக்கியார் துன்பம் பொறாது ஆள் விடுத்தபோது, இது நின்னை ஆட்கொள்ள வந்த அருளென்று தமக்கையார் சொல்லியனுப்பவில்லை. அவ்விடத்திற்குத் தாம் வாரேன் என்று மட்டும் கூறினார். தம்பியார் இரவில் தாமே நடந்து வந்து அடிகளில் வீழ்ந்த பின்னரே, இஃது இறைவன் அருளென்று வாய்திறந்து கூறுகின்றார். கூறியதோடு அமையாது, இறைவனைப் பணிந்து பணிசெய்யுமாறு வழிகாட்டி, திருநீறும் அளித்துத் திருக்கோயிலுக்கு அழைத்துச் செல்கின்றார்.

துன்புறுவார் ஒருவரை நோக்கி இஃது அருளென்று பிறர் கூறுதற்கும் இடமுண்டு என்பதை இப்பகுதியால் அறிகின்றோம். ஆயின், அவ்வுரிமை எளிதில் வருவதன்று. திலகவதியார் தாய் தந்தையரை இழந்தவர். மணம் பேசப்பெற்ற கலிப்பகையாரைப் போரில் இழந்தவர். உயிர் விடத் துணிந்து, தம்பியின்பொருட்டே உயிர் தாங்கியவர். தாம் துன்பத்தைத் தாங்கியவர், துன்புறுவார்க்காக நெடிது வேண்டியவர், அவர் தாமே வரும்வரை காத்திருந்தவர் கூறும்போதுதான் அச்சொல் மருந்தாகின்றது. கலிப்பகையார் இறப்பையோ பெற்றோர் மறைவையோ சோதனை எனவும் அருள் எனவும் சேக்கிழார் யாண்டும் பெயரிட்டிலர் என்பதும் ஈண்டு நோக்கத்தக்கது. திங்களூரில் அப்பூதியடிகள் மகனைப் பாம்பு தீண்டியதற்கும் அவர் இறைவன்மேற் காரணம் ஏற்றவில்லை. நாவுக்கரசர் அமுது செய்தற்கு இடையூறு நேருமே என அஞ்சிப் பெற்றோர் அத்துயரை மறைத்ததையும், நாவுக்கரசர் பதிகத்தால் மகன் உயிர்பெற்றதையுமே பாடுகின்றார். பாம்பு பாம்பாகவே நிற்கின்றது. அருள் மீட்சியில் விளங்குகின்றது.

சுந்தரர் கண்ணிழந்தது மூன்றாம் வகையைச் சார்ந்தது. ஒற்றியூரில் சங்கிலியாரைப் பிரியேன் என மகிழின்கீழ்ச் சூளுரைத்து, பின் அச்சூள் பிழைத்து ஊரெல்லை கடந்தபோது இரு கண்ணும் மறைந்தன. இது சோதனையும் அன்று, அழைப்பும் அன்று; பிழைக்கு வந்த ஒறுப்பு. இதனைச் சோதனை என்பார், சங்கிலியார்க்கு இழைத்த பிழையை மறந்தவர் ஆவர். தம்பிரான் தோழர்க்கும் நீதியில் விலக்கில்லை என்பது இவ்வரலாற்றின் உட்கோள். ஆயினும் ஒறுப்பின் நடுவிலும் அருள் படிப்படியே வருகின்றது. திருவெண்பாக்கத்தில் ஊன்றுகோல் கிடைக்கின்றது. காஞ்சியில் இடக்கண் கிடைக்கின்றது. ஆரூரில் வலக்கண் கிடைக்கின்றது. இவ்விடைவெளியில் சுந்தரர் வாளா இருந்திலர். உரிமையோடு இறைவனைக் கடிந்தும் பாடினார். முறையிடுதல் பத்திக்கு மாறு எனச் சேக்கிழார் கருதவில்லை. அம்முறையீட்டுப் பதிகங்களை வரலாற்றின் நடுவே மதிப்போடு அமைத்திருத்தலே இதற்குச் சான்று.

இவ்விடத்து விவிலியத்தின் யோபு நூலை ஒப்பிட்டுக் காணலாம். யோபுவின் துன்பத்திற்கு முன்னுரையான விண்ணுலக உரையாடலைக் கற்போர் அறிவர்; யோபு அறியான். அவன் பிழைசெய்தான் என்று விளக்கம் கூறிய நண்பரே முடிவில் கடியப்படுகின்றனர். கற்போர்க்கு அறிவித்து மாந்தர்க்கு மறைக்கும் அமைப்பில் இரண்டும் ஒக்கும். யோபு காரணம் கேட்டு வழக்காடுகின்றான். மாறனாரும் இயற்பகையாரும் வழக்காடவில்லை. வழக்காடுதலை நம்மவரிற் காணவேண்டின் சுந்தரரிடத்தே காண்கின்றோம். ஆயின், அவர் தம் பிழையை அறிந்தே வழக்காடுகின்றார்.

இதுகாறும் இடர் அருளாதலைக் கண்டோம். அருளே இடராதலும் இந்நூலில் உண்டு. காரைக்காலம்மையார் கையில் வந்த மாங்கனி ஐயத்திற்கிடமற்ற அருட்பேறு. அக்கனியாலேயே பரமதத்தன் அஞ்சி அவரைப் பிரிகின்றான். வேண்டிப் பெற்ற அருள் இல்வாழ்வைக் குலைத்தது. பாண்டிநாட்டில் மற்றொருத்தியை மணந்து, பிறந்த மகளுக்கு அம்மையார் பெயரையே இட்ட கணவன், தேடிவந்தவர் அடியில் மனைவியோடும் மகளோடும் வீழ்ந்தபோது, அம்மையார் தம் வனப்பை உதறிப் பேயுருவை வேண்டிப் பெறுகின்றார். இவ்வரலாற்றைச் சோதனை என்னும் அளவுகோலால் அளத்தல் இயலாது. அருளை இன்பத்தாலும் இடரை இழப்பாலும் அடையாளம் காண்பார்க்கு இது தடையாய் நிற்கும் வரலாறு.

மறைத்தலும் இறைவனின் ஐந்தொழில்களுள் ஒன்று. அதுவும் அருளே என்பது சித்தாந்தம். பெற்றோர் மக்களை ஒறுத்தல் பரிவேயாதல் போல இறைவன் முனிவும் கருணையே எனச் சித்தியார் விளக்கும். இக்கொள்கைக்கும் பெரியபுராணத்திற்கும் முரண் இல்லை. ஆயினும் மெய்கண்டாரும் அருணந்தியாரும் சேக்கிழார்க்குப் பிற்பட்டவர், பதின்மூன்றாம் நூற்றாண்டினர். சாத்திரம் இறைவன் பக்கத்தினின்று முழுமையை நோக்கி உரைக்கின்றது. காப்பியமோ இடருற்றவர் பக்கத்தினின்று அவ்வப்பொழுதை நோக்கிப் பாடுகின்றது. முழுமையில் யாவும் அருளாகலாம். இரவில் விதைநெல் வாரியவர்க்கு அஃது அப்பொழுது அருளெனத் தோன்றியதில்லை. இவ்விரு நோக்கையும் ஒன்றாக்கினால் சாத்திரத்தின் தெளிவும் காப்பியத்தின் உண்மையும் ஒருங்கே கெடும்.

இதுவரை ஆராய்ந்தவற்றால், சேக்கிழார் இடர்களை ஒரு பெயரால் அடக்கினார் அல்லர் என்பது தெளியப்படும். தொண்டைக் காட்டும் சோதனை, மீட்கும் அழைப்பு, பிழைக்கு ஒறுப்பு என அவர் வேறுபடுத்தினார். காரணம் கூறாது விட்டவற்றைக் கூறாமலே விட்டார். அருளை அறிதல் இடரின் நடுவில் நிகழும் ஆராய்ச்சியால் வருவதன்று. செய்யவேண்டிய தொண்டைச் செய்து முடித்தபின், திரும்பி நோக்குங்கால் வருவது. மகவை இழந்தவரிடமும் நோயுற்றவரிடமும் இஃது இறைவன் சோதனை என விரைந்து உரைப்பார்க்குப் பெரியபுராணத்தில் துணை இல்லை. திலகவதியார் அதனைச் சொன்னார்; சொல்லுமுன் எத்துணை இழந்தார், எத்துணை வேண்டினார், எத்துணைக் காத்திருந்தார் என்பதை எண்ணிய பின்னரே நாமும் அச்சொல்லை எடுத்தல் முறையாகும்.