மருத்துவச்சியும் கொடையாளரின் கணக்கும்

வளர்ச்சி உதவித் திட்டங்களில் இனப்பெருக்க நலத்தையும் இணைக்க வேண்டும் என்ற கோரிக்கை 1994ஆம் ஆண்டின் கெய்ரோ மக்கள்தொகை மாநாட்டில் வலுப்பெற்றது. முஸ்லிம் உலகில் பலர் அதனை ஐயத்துடனேயே நோக்கினர். கருக்கலைப்பைப் பின்வாசல் வழியே நுழைக்கும் ஏற்பாடு என்ற அச்சம் அவர்களுக்கு இருந்தது. அந்த விவாதத்தின் சூட்டில், பேற்றின்போது மாண்டுபோகும் தாயைப் பற்றிய பேச்சு பின்னுக்குத் தள்ளப்பட்டது என்றே நாம் கருதுகிறோம். ஆப்கானிஸ்தானின் கதை இதற்குச் சான்று.

2002இல் அங்கு நடைபெற்ற கள ஆய்வொன்று, பதக்‌ஷான் மாகாணத்தின் ராக் மாவட்டத்தில் ஒரு லட்சம் பிறப்புகளுக்கு ஏறத்தாழ 6,500 தாய்மார்கள் இறப்பதாகக் கணித்தது. காபூலில் அவ்விகிதம் 400ஐ ஒட்டியே இருந்தது. நாடும் மார்க்கமும் ஒன்றுதான். சாலையும் மருத்துவமனையும் மருத்துவச்சியுமே வேறுபாடு. நாடு முழுவதற்கும் அன்றிருந்த மருத்துவச்சிகள் 500க்கும் குறைவு.

2003இல் அடிப்படை மருத்துவச் சேவைத் தொகுப்பு வகுக்கப்பட்டது. தாய்சேய் நலத்துக்கு அதில் முதலிடம். உலக வங்கியும் அமெரிக்காவும் ஐரோப்பிய ஆணையமும் பணம் அளித்தன. தொண்டு நிறுவனங்கள் ஒப்பந்த அடிப்படையில் சேவை வழங்கின. இத்திட்டத்தின் சிறந்த பகுதி மருத்துவச்சிப் பயிற்சியே. கிராமத்தவரின் சம்மதத்துடன் அவ்வூர்ப் பெண்ணே தேர்ந்தெடுக்கப்பட்டு, பயிற்சி பெற்று, அவ்வூருக்கே திரும்பினாள். 2010க்குள் அவர்கள் தொகை 2,000ஐத் தாண்டியது. பண்பாட்டைப் பகைக்காமல் உயிரைக் காத்த வழி இது.

ஆயின் ஊதியம் முதல் மருந்து வரை யாவும் அயலார் பணப்பையிலிருந்தே வந்தன. இணைப்பு என்று அவர்கள் அழைத்தது தம் திட்ட அறிக்கைகளுக்குள் நிகழ்ந்த இணைப்பு. அந்நாட்டு அரசின் சொந்த வரவுசெலவுக் கணக்கில் அது வேர்கொள்ளவில்லை. 2021 ஆகஸ்டில் ஆட்சி மாறியதும் நிதி முடங்கியது. மருத்துவ நிலையங்கள் தடுமாறின. ஐ.நா. அமைப்புகள் ஓரளவு தாங்கிப் பிடித்தன. 2025இல் அமெரிக்க உதவியும் நின்றது.

கொடையாளரை மட்டும் குறை கூறி நாம் ஒதுங்கிவிட இயலாது. 2024 டிசம்பரில் தாலிபான் அரசு மருத்துவப் பயிற்சி நிலையங்களைப் பெண்களுக்கு அடைத்தது. மருத்துவச்சிக் கல்வியும் அதில் அடங்கும். மார்க்கத்தின் பெயரால் ஆளும் அரசு அது. அந்நாட்டில் பெரும்பாலோர் பின்பற்றுவது ஹனஃபி மத்ஹப். பிறப்பு குறித்து மருத்துவச்சி ஒருத்தியின் சாட்சியமே போதும் என்று ஏற்ற மத்ஹப் அது. (நம் கடற்கரை ஊர்களின் ஷாஃபிஈ மத்ஹப் நான்கு பெண்களைக் கேட்கும்.) இமாம் கஸ்ஸாலியோ மருத்துவத்தை ஃபர்ளு கிஃபாயா என்று வகுத்ததுடன், எல்லோரும் ஃபிக்ஹ் கற்க விரைந்து மருத்துவத்தைப் பிற சமயத்தாரிடம் விட்டுவிட்டதாகத் தம் ‘இஹ்யா’வில் கடிந்தும் கொண்டார். ஆண் மருத்துவர் தொடக்கூடாது என்பவர்கள் பெண் மருத்துவச்சியும் உருவாகக்கூடாது என்றால், ராக்கின் மலைச்சரிவில் நோவெடுத்த பெண்ணை யாரிடம் கொண்டுபோவது? கெய்ரோவின் வாசகங்களைச் சொல் சொல்லாக ஆராய்ந்த நம் அறிஞர்களிடம் இக்கேள்விக்கான விடையை நாம் எதிர்பார்க்கிறோம்.