ஒரே கோப்பு, மூன்று உயரங்கள்

உலகின் இடப்பெயர்களைத் திரட்டித் தரும் ஜியோநேம்ஸ் தரவை யார் வேண்டுமானாலும் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். வெறும் உரைக்கோப்புதான். வரிக்கு ஓர் இடம், டேப் எழுத்தால் பிரித்த 19 புலங்கள். அவற்றில் 16ஆவது, கடல்மட்டத்திலிருந்து உயரம். ஏராளமான இடங்களுக்கு இந்தப் புலம் காலியாகவே இருக்கும். கட்டளை வரியிலிருந்து தரவுத்தளத்துக்கு உரைக்கோப்பை ஏற்றும் வழக்கத்தை எடைபோட இந்தக் காலிப்புலம் ஒன்றே போதும்.

முதலில் அதன் பலம். வரிவரியாகச் சேர்க்கும் சாதாரண இன்சர்ட் கட்டளைகளைவிட, கோப்பை மொத்தமாக ஏற்றும் லோட் டேட்டா கட்டளை பொதுவாக 20 மடங்கு வேகமானது என்று மைஎஸ்க்யூஎல் தரவுத்தளத்தின் கையேடே சொல்கிறது. காரணம் எளிது. வரிக்கு ஒரு கட்டளை என்று அனுப்பினால் ஒவ்வொன்றையும் சர்வர் தனித்தனியாகப் படித்து, புரிந்து, பதில் அனுப்ப வேண்டும். மொத்தமாக ஏற்றும்போது அந்தப் பேச்சுவார்த்தை ஒரே முறையோடு முடிகிறது. வேகத்தைவிட நான் பெரிதாக மதிப்பது வேறொன்றை: கட்டளையைக் கோப்பில் எழுதி வைத்தால், அடுத்த மாதம் வேறொருவர் அதே வேலையை அதே மாதிரி செய்யலாம். மவுஸால் சொடுக்கிச் செய்த வேலைக்கு அந்தத் தடயம் கிடையாது.

விரிதாளை இடையில் வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு இங்கிலாந்து ஒரு பாடம். 2020 அக்டோபரில் அங்கே 15,841 கொரோனா தொற்றுகள் தினசரிக் கணக்கில் சேராமல் போனது தெரியவந்தது. ஆய்வகங்கள் அனுப்பிய உரைக்கோப்புகளைப் பழைய எக்ஸெல் வடிவத்துக்குள் இழுத்திருந்தார்கள். அதில் ஒரு தாளுக்கு 65,536 வரிசைகளுக்கு மேல் இடமில்லை. நேரே தரவுத்தளத்துக்கு ஏற்றியிருந்தால் அந்த வரம்பு குறுக்கே வந்திருக்காது.

இனி அந்த 16ஆவது புலத்துக்கு வருவோம். உயரத்தை முழு எண்ணாக அறிவித்த ஓர் அட்டவணை. உயரம் குறிக்கப்படாத ஒரு மலைக்கிராமம். மூன்று தரவுத்தளங்கள் இதை மூன்று விதமாகக் கையாளும். போஸ்ட்கிரெஸில் கோப்பை ஏற்றும் காப்பி கட்டளை, வேறெதுவும் சொல்லாவிட்டால், அந்த வரியிலேயே நின்றுவிடும். எந்த அட்டவணை, எத்தனையாவது வரி, எந்தப் புலம் என்று விலாசத்தோடு பிழையைச் சொல்லும். அதுவரை ஏற்றிய ஒரு வரியும் தங்காது. மைஎஸ்க்யூஎல்லில் லோட் டேட்டாவை லோக்கல் என்ற சொல்லோடு ஓட்டினால் காரியம் நிற்காமல் நடக்கும். கிராமத்தின் உயரம் 0 என்று பதிவாகும். மலைக்கிராமம் கடற்கரைக்கு வந்துவிட்டது! அறிகுறி, கடைசியில் வரும் ஒற்றை வரியில் இத்தனை எச்சரிக்கைகள் என்ற எண் மட்டுமே. மூன்றாவதான எஸ்க்யூலைட்டோ காலியிடத்தை வெற்று எழுத்துச்சரமாக அப்படியே வைத்துக்கொள்ளும். அங்கே எந்த எண்ணைவிடவும் எழுத்து பெரியது என்பது விதி. ஆகவே 2,000 மீட்டருக்கு மேல் உள்ள ஊர்களைக் கேட்டால், உயரமே தெரியாத ஊர்கள் எல்லாம் பட்டியலில் வந்து நிற்கும்.

மூன்றில் போஸ்ட்கிரெஸ்தான் எரிச்சலூட்டும். லட்சக்கணக்கான வரிகளை ஏற்றிவிட்டுக் கடைசி வரியில் கைவிரிக்கும். அதுவரை எழுதிய இடமும் வேக்யூம் என்ற துப்புரவுக் கட்டளை ஓடும்வரை வட்டில் வீணாகக் கிடக்கும். ஆனாலும் நம்பத் தகுந்தது அதுதான். பொய்யான 0 ஒன்று உள்ளே போய்விட்டால், உண்மையான 0 எது என்று பிறகு பிரித்தெடுக்க வழியே இல்லை. நின்றுபோன கட்டளையையோ திருத்தி மறுபடி ஓட்டலாம். இந்தக் கோப்புக்கு, வெற்றிடத்தை நல் (மதிப்பு இல்லை) என்று கொள் என ஒரு சிறு குறிப்பைச் சேர்த்தால் சிக்கல் தீர்ந்தது. 2024இல் வந்த 17ஆம் பதிப்பு பிழையான வரிகளைத் தவிர்த்துவிட்டுப் போகும் வசதியையும் தந்திருக்கிறது. தவிர்த்த வரிகள் எத்தனை என்றும் சொல்கிறது. அந்த எண்ணைப் பார்க்கப் பொறுமை உள்ளவர்களுக்கே அது வசதி.

மைஎஸ்க்யூஎல் தரப்பிலும் நியாயம் உண்டு. லோக்கலில் கோப்பை அனுப்புவது பயனரின் கணினி. நடுவழியில் அனுப்புவதை நிறுத்தச் சொல்ல சர்வருக்கு வழியில்லை. அதனால்தான் பிழைகள் எச்சரிக்கைகளாகச் சுருங்குகின்றன. காரணம் புரிகிறது என்பதற்காக விளைவை ஏற்க முடியாது. தீய நோக்குள்ள சர்வர் ஒன்று, நாம் சொன்ன கோப்புக்குப் பதில் வேறு கோப்பைக் கேட்டு வாங்கிவிடலாம் என்ற ஆபத்தும் இருப்பதால், 8.0 பதிப்பிலிருந்து லோக்கல் வசதி இயல்பாகவே அணைக்கப்பட்டிருக்கிறது.

மேற்கோள்குறி தரும் தொல்லை தனி. ஜியோநேம்ஸ் கோப்பில் புலங்களை மேற்கோள்குறிக்குள் வைக்கும் வழக்கம் இல்லை. அதை, மேற்கோள்குறியைப் புலத்தின் எல்லையாகக் கொள்ளும் சிஎஸ்வி வடிவம் என்று அறிவித்து ஏற்றினால், ஒரு புலத்தின் தொடக்கத்தில் தனியாக நிற்கும் இரட்டை மேற்கோள்குறி அடுத்தடுத்த வரிகளையும் விழுங்கிவிடக்கூடும்.

இதற்கெல்லாம் பழைய கைகள் செய்வது, எல்லாப் புலங்களும் உரையாகவே உள்ள ஓர் இடைக்கால அட்டவணையில் முதலில் கொட்டி, அங்கே சோதித்து, பிறகு உரிய வகைக்கு மாற்றி இறுதி அட்டவணைக்கு நகர்த்துவது. வட்டில் இரட்டிப்பு இடம் பிடிக்கும், கூடுதலாக ஒரு கட்டளையும் எழுத வேண்டும். சிறிய கோப்புக்கு அது மிகைதான். ஆனால் எண்ணும் தேதியும் கலந்த, பிறர் தயாரித்த கோப்பை லோக்கல் வழியாக நேரே இறுதி அட்டவணைக்குள் ஏற்றாதீர்கள். ஏற்றியே ஆகவேண்டும் என்றால், எச்சரிக்கைகளின் எண் 0 என்று கண்ணால் பார்த்த பிறகே அந்தத் தரவை அடுத்தவர் கையில் கொடுங்கள்.